சி.என்.சி. டர்னிங் பயிற்சி: யாரை அனுப்பலாம்?

எங்கள் பட்டறையிலிருந்து இருவரைக் கோவையிலுள்ள ஒரு தனியார் மையத்தின் சி.என்.சி. டர்னிங் (கணினிக் கட்டளைப்படி இயங்கும் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், உலோகத்தைக் கடைதல்) பயிற்சிக்கு அனுப்பியிருந்தேன். ஒருவர் பல ஆண்டுகளாகக் கையால் இயக்கும் சாதா லேத்தில் வேலை பார்க்கும் டர்னர். மற்றவர் டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்த இளைஞர். இயந்திரங்கள் நல்ல நிலையில் உள்ளன, பயிற்றுநர்கள் பொறுமையானவர்கள், கட்டணமும் நியாயமானதே. குறையெல்லாம் பாடத்தை நடத்தும் முறையில்தான்.

சேர்க்கையின்போது, கணக்கையும் வரைபடத்தைப் புரிந்துகொள்ளும் திறனையும் சோதிக்க ஒரு தேர்வு வைக்கிறார்கள். அது வீண் வேலையன்று. எதையும் சட்டென்று பிடித்துக்கொள்பவர் பயிற்சியில் முந்துவார் என்பது தொழில் உளவியலில் பலமுறை உறுதிப்பட்ட செய்தி. அமெரிக்க விமானப்படையின் விமானிப் பயிற்சியை வைத்து மால்கம் ரீ குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, மனத்திறனோடு முன்பே சேர்ந்திருக்கும் தொழிலறிவையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்த மையமோ முன்பே உள்ள தொழிலறிவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

அதன் விளைவை எங்கள் டர்னரிடம் கண்டேன். எங்கள் லேத்தில், வெட்டும் டூலை உள்ளே நகர்த்தும் குறுக்கு ஸ்லைடின் டயலை ஆரக் கணக்கில் திருப்பிப் பழகிய கை அவருடையது. புரோகிராமில் டூலின் குறுக்கு நிலையைக் குறிக்கும் எக்ஸ் மதிப்பு விட்டமாக எழுதப்படுவதால், 2 மி.மீ. ஆழம் வெட்ட அதை 4 குறைக்க வேண்டும் என்பது அவருக்கு எளிதில் படியவில்லை. பழைய அறிவு இங்கே குறுக்கே நின்றது. இளைஞருக்கு அந்தத் தொல்லையே இல்லை. புரோகிராமின் கட்டளைகளான ஜி கோடுகளை விரைவாகக் கற்றுக்கொண்டார். ஆனால் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. மெல்லிய தண்டு அதிர்ந்து சத்தம் போட்டபோது, டூல் அதிகம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை டர்னர் காதாலேயே கண்டுகொண்டார். இளைஞர் திரையில் பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்.

இருவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து, நுண்ணிய அளவுகளை அளக்கும் மைக்ரோமீட்டர் பார்ப்பதற்கு நீண்ட நேரமும் புரோகிராமிங்கிற்குக் குறைந்த நேரமும் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மைக்ரோமீட்டரோடு காலம் தள்ளியவருக்கு அந்த நேரம் வெறும் கொட்டாவி.

டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்த புதியவர்களுக்கு இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அனுபவமுள்ள டர்னரை அனுப்புவோர், புரோகிராமிங் பகுதியைத் தனியாக, கூடுதல் நேரம் எடுத்து நடத்துவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டவும்.