பிடிபட்ட வாகனமும் கடதாசி வேலையும்: நான்கு வருட ஒப்பந்த அனுபவம்

யாழ்ப்பாணத்தில் வாகன வழக்குப் பார்க்கிற சட்டத்தரணிகளிடம் எதை ஏற்றியதற்கு வாகனங்கள் பிடிபடுகின்றன என்று கேட்டால் மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள்: மரம், மணல், மாடு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றியதாகப் பொலிஸ் பிடிக்கும். சாரதி பெரும்பாலும் சில நாட்களில் பிணையில் வந்துவிடுவார். லொறியோ டிப்பரோ லாண்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரமோ பொலிஸ் நிலைய வளவிலேயே நிற்கும். அது அரசுடைமையாகுமா, உரிமையாளரிடம் திரும்புமா என்பது தனி விசாரணை.

அந்த விசாரணைக்கு வேண்டிய அலுவலக வேலைகளை 2021இலிருந்து ஒரு சிறிய நிறுவனத்திடம் மாத ஒப்பந்தத்தில் கொடுத்து வருகிறேன். இளம் சட்டத்தரணிகள் சிலர் "அது சரிவருமா அண்ணை?" என்று கேட்டார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். நல்லதும் கெட்டதும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் ஏன் வெளியாரிடம் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று ஐந்து இடத்து நீதவான் நீதிமன்றங்களிலும் எனக்குத் தவணைகள், அதாவது வழக்கு நாட்கள், வரும். கூட இருந்த கிளார்க் ஐயா வயதாகி நின்றுவிட்டார். வனக் கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவை 2009இல் திருத்திய பிறகு வேலை இன்னும் கூடிவிட்டது. சாரதி குற்றவாளியாகி, உரிமையாளர் வேறு ஆளாக இருந்தால், அந்தக் குற்றம் நடக்காமலிருக்கத் தன்னாலான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததை உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று கூண்டில் ஏறிச் சொன்னால் போதாது. சாரதிக்கு எழுத்தில் என்ன சொன்னார், வாகனம் எங்கே போகிறது என்று எப்படிப் பார்த்தார், ஓட்டக் கணக்கு எங்கே என்று கேள்வி வரும். அதற்குப் பதில் கடதாசியில் இருக்க வேண்டும். மாடு ஏற்றிய வழக்குகளிலும் இதே கதைதான்.

நான்கு வருடத்தில் அவர்கள் செய்ததில் மிகப் பெறுமதியானது எது என்று கேட்டால், தயங்காமல் நிலைப் பதிவுத் தாளைச் சொல்வேன்: பிடிபட்ட வாகனம் என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் தாள். உரிமையாளர் என்னிடம் வந்த அன்றோ அடுத்த நாளோ, பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் அனுமதி கேட்டு, அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை வளவுக்குப் போவாள். தாளில் முப்பதுக்கு மேல் கட்டங்கள். ஒவ்வொரு டயரின் தேய்மானம், மீற்றர் எண், பற்றரியின் தயாரிப்பும் இலக்கமும், ஸ்பெயார் சில்லு, ஜாக்கி, கண்ணாடிகள், தாங்கியில் எரிபொருள் மட்டம் எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுப்பாள். வாகனத்தைச் சுற்றி நான்கு மூலையிலிருந்தும் படம். கடைசியில் உரிமையாளரின் கையெழுத்து. முடிந்தால் கடமையிலிருக்கும் அலுவலரின் கையெழுத்தும்.

இதன் அருமை ஒரு டிப்பர் வழக்கில் தெரிந்தது. ஏழு மாதம் கழித்துப் பிணைமுறியில் விடுவித்தார்கள். எடுக்கப் போனால் பற்றரி இல்லை, முன் டயர் இரண்டும் மாறியிருந்தன. அடிச்சட்டத்துக்குள்ளால் எருக்கலை வளர்ந்து கதவு மட்டத்துக்கு வந்திருந்தது. மாரி மழையும் கடல் உப்புக்காற்றும் தின்றது போக மிச்சம்தான் அது. ஆனால் எங்களிடம் முதல் வாரத்துப் படங்கள் இருந்தன, பற்றரி இலக்கம் இருந்தது. அதை நீதிமன்றத்தில் வைத்தபோது பேச்சு நீளவில்லை. விளக்கம் கேட்டு உத்தரவு வந்தது. அந்தத் தாள் இல்லாமல் இருந்திருந்தால் "பிடிக்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்ற ஒரு வசனத்தோடு விஷயம் முடிந்திருக்கும்.

தவணை நினைவூட்டலிலும் குறையில்லை. முதல் நாள் மாலை எனக்கும் உரிமையாளருக்கும் அழைப்பு வந்துவிடும். 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் கணினியை நம்ப முடியவில்லை. அவர்கள் ஒரு நீளமான பதிவுக் கொப்பியில் எல்லாத் தவணைகளையும் கையால் எழுதி வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். ஒரு தவணைகூடத் தவறவில்லை. அந்தக் கொப்பி இன்றைக்கும் ஓடுகிறது, நான்தான் நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன்.

இனிக் குறைகள். இரண்டாம் வருடம் ஒரு லொறியின் சேஸி இலக்கத்தில் 3ஐ 8 என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். சத்தியக்கடதாசியிலும் அதே பிழை, நானும் கவனிக்காமல் கையெழுத்து வாங்கிவிட்டேன். வாகனப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தபோது பிழை தெரிந்து, வழக்கு இரண்டு கிழமை தள்ளிப்போனது. உரிமையாளர் வெளியே மர நிழலில் நின்று, "சேர், ரெண்டு கிழமை எண்டா எனக்கு இன்னொரு லீசிங் கட்டுக் காசு. வண்டி ஓடாமல் நான் எங்கை போவன்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அது இன்னும் கனக்கிறது. அந்த மாதக் கட்டுக் காசில் பாதியை நானும் பாதியை நிறுவனமும் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம் செய்தோம். இலக்கத்தைப் பார்த்து எழுதுவதோடு நிற்காமல், சேஸியின் மேல் மெல்லிய தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பது. உரிமை மாற்றத்துக்குச் செய்கிற அதே பழைய முறைதான். அந்தத் தாள் பைலின் முதல் பக்கத்தில் இருக்கும். தட்டச்சு செய்தவர் ஒருவர், அச்சோடு ஒப்பிட்டு வாசிப்பவர் இன்னொருவர். பிறகு இந்தப் பிழை வரவில்லை.

மொழிபெயர்ப்பில் எனக்குத் திருப்தி இல்லை. பொலிஸாரின் குறிப்புகள் சிங்களத்தில் இருந்தால் அவர்கள் தரும் தமிழ் வாசிக்க முடிகிறது, ஆனால் சட்டச் சொல் வரும் இடத்தில் வழுக்குகிறது. "கைப்பற்றல்" வேறு, "பறிமுதல்" வேறு. கைப்பற்றிய பொருள் இன்னும் உரிமையாளருடையதுதான்; பறிமுதல் கட்டளை வந்த பிறகுதான் அரசுடையது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிய மொழிபெயர்ப்பு ஒன்று என் மேசைக்கு வந்தது. அந்த வேலையைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மாற்றிவிட்டேன்.

இன்னொரு விஷயம், வாயை எங்கே நிறுத்த வேண்டும் என்பது. அங்கிருந்த ஒரு தம்பி நல்ல மனதோடு ஒரு உரிமையாளருக்கு "பயப்படாதையுங்கோ, வாகனம் கட்டாயம் வரும்" என்று போனில் சொல்லிவிட்டார். அந்த மனுசன் அந்த வார்த்தையை நம்பி அடுத்த பருவத்துக்கு வேலை ஒப்புக்கொண்டுவிட்டார். வாகனம் அந்தப் பருவத்தில் வரவில்லை. கோட்டை எங்கே போடுவது என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது: அமெரிக்காவில் 1984இலிருந்து நீதித் திணைக்களத்துக்குப் பறிமுதல் நிதியம் ஒன்று இருக்கிறது. அங்கே பதிவு, தரவேற்றம், கோப்பு வேலைகளுக்கு ஒப்பந்த ஊழியர்களை வைத்திருக்கிறார்கள். முடிவெடுப்பது மட்டும் அரச அலுவலரின் கையில். அந்தக் கோட்டை அப்படியே எங்கள் ஒப்பந்தத்திலும் எழுதிச் சேர்த்தேன்: வழக்கின் முடிவு பற்றி அவர்கள் யாரிடமும் பேசக்கூடாது. அடையாள அட்டைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்பதையும் கூடவே சேர்த்தேன். 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

செலவைச் சொன்னால்: மாதம் 30,000 ரூபாவில் தொடங்கியது, இப்போது 48,000. நிலைப் பதிவுக்கு வாகனம் ஒன்றுக்குத் தனிக் கட்டணம். மாதம் நான்கைந்து வழக்குக்குக் குறைவாக இருக்கிறவர்களுக்கு மாத ஒப்பந்தம் கட்டாது, நிலைப் பதிவை மட்டும் செய்விக்கலாம்.

மயிலிட்டித் துறைமுகப் பக்கம் போகும்போதெல்லாம் பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகளைப் பார்க்கிறேன். பலகை பிளந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். 2022 பெப்ரவரியில் காரைநகரில் அப்படிப்பட்ட படகுகளை ஏலம் விட்டார்கள். கடலடியை வழித்துக்கொண்டு போகிற இழுவைமடியால் எங்கள் மீனவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும், அதற்காகப் படகு பிடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிடித்த பொருளை உக்க விட்டு, பிறகு விறகு விலைக்கு விற்பதில் யாருக்கு லாபம்? 2025இல் குற்றங்களால் ஈட்டிய சொத்துகள் பற்றிய 5ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட சொத்துகளைப் பராமரிக்கத் தனி அதிகார சபைக்கும் அதில் இடமிருக்கிறது. அந்தச் சபை முதல் நாளிலேயே ஒரு நிலைப் பதிவுத் தாளோடு வேலை தொடங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அப்புறம், அந்தத் தாளின் ஒரு பிரதி வாகனக்காரனின் கையிலும் இருக்க வேண்டும்.

எங்கள் ஒப்பந்தம் ஜனவரியில் புதுப்பிப்புக்கு வருகிறது. மொழிபெயர்ப்பை எடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளவுக்குத் திரும்பிப் போய்ப் படம் எடுக்கும் வேலையைச் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். பொலிஸ் அனுமதி ஒவ்வொரு முறையும் கிடைக்குமா என்பதுதான் அவர்களுடைய யோசனை. கடிதம் நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.