ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: கார்புரேட்டரைக் கழற்றவிடும் முன் டேங்கைப் பாருங்கள்

அப்பா 1989-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இன்னும் எங்களிடம் இருக்கிறது. வலங்கைமான் பக்கம் கிராமம். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை, தெருவெல்லாம் சேறு. வண்டியை மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் நிறுத்தியதோடு சரி. தையில் அறுவடை மிஷினுக்குச் சொல்லிவிட்டு வரலாம் என்று எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் குறைவாக இருந்ததால் டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பை (திருகு குழாயை) ரிசர்வில் வைத்து, சோக் இழுத்து, பிளக்கைத் துடைத்து, நாற்பது உதையாவது உதைத்திருப்பேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

குட்டியானையில் ஏற்றிக் கும்பகோணத்தில் ஒரு கடையில் விட்டேன். அவர் டேங்க் மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "கார்புரேட்டர் போச்சு சார், சிடிஐயும் வீக்கு. விட்டுட்டுப் போங்க" என்றார். கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தருவது, சிடிஐ பிளக்கில் பொறி வரவைக்கும் மின்பெட்டி. மூன்றாம் நாள் வண்டி முதல் உதையில் கிளம்பியது. 6,400 ரூபாய். பில் கிடையாது, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பழைய சாமான் எங்கே என்றதற்கு, "பழைய இரும்போட போட்டாச்சு சார்" என்றார். கார்புரேட்டரில் ஏது இரும்பு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் திணறியது. ரிசர்வுக்குத் திருப்பினேன். அவ்வளவுதான், கேட் வரிசையின் நடுவில் செத்துவிட்டது. அந்த வரிசையில் வண்டி தள்ளியவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு.

பக்கத்தில் புளியமரத்தடியில் ஒரு வயதான மெக்கானிக். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. டியூபைப் பிடுங்கி, ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து வெயிலில் காட்டினார். அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குக் கலங்கலாகத் தனியாக நின்றது. அதற்கும் கீழே கேழ்வரகு மாதிரி துருப்பொடி.

"மூடி ரப்பர் வெடிச்சிருக்கு பாருங்க தம்பி, மழைத்தண்ணி இறங்கியிருக்கு. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். தண்ணி சேர்ந்தா எத்தனாலையும் இழுத்துக்கிட்டு அடியில உக்காந்துரும்."

அப்போதுதான் கணக்குப் புரிந்தது. டேப் ஆனில் இருந்தால் நின்றுகொண்டிருக்கும் குழாய் வழியாக மேலே இருக்கும் பெட்ரோல் வரும், ரிசர்வில் அடிமட்டத்தில் இருப்பது வரும். கும்பகோணத்துக்காரர் புதிதாகப் பெட்ரோல் ஊற்றி ஆனில் ஓடவிட்டிருக்கிறார். மட்டம் இறங்கி நான் ரிசர்வுக்குப் போனதும் தண்ணீர் நேராகக் கார்புரேட்டருக்கு. அதாவது பழைய கார்புரேட்டரில் கோளாறே இல்லை.

டேங்கைக் கழற்றிக் கவிழ்த்து, இரண்டு முறை பெட்ரோல் விட்டுக் குலுக்கி, டேப் வலையைச் சுத்தம் செய்து, மூடி ரப்பர் மாற்றிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 450 ரூபாய். கிளம்பும்போது கேட்டார்: "ஒரிஜினலை வித்துட்டீங்களா?"

எங்கள் வண்டியில் இருந்தது மிக்குனி கம்பெனி கார்புரேட்டர். அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கும்போது அந்த எழுத்துகளைச் சின்ன வயதிலேயே தடவிப் பார்த்திருக்கிறேன். இப்போது இருப்பதில் எழுத்தே இல்லை, வார்ப்பு ஓரமெல்லாம் சொரசொரப்பு. இந்த மாடல் தயாரிப்பு 1996-லேயே நின்றுபோனது. ஒரிஜினல் சாமானுக்குத் தேடி அலைகிறார்கள் என்பது எனக்குத் தெரியாதது என் தப்பு.

கும்பகோணத்துக் கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "நீங்கதானே மாத்தச் சொன்னீங்க" என்றார். கையில் பில் இல்லை, போட்டோ இல்லை, என்ன பேசுவது? பழைய வண்டியைக் கடையில் விடுகிறவர்கள் விடும் முன் கார்புரேட்டர், சிடிஐ, சைலன்சர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியதைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். அதற்கும் முன்னால் அந்தப் பாட்டில் சோதனை, வீட்டிலேயே ஐந்து நிமிடம். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம்.

வண்டி இப்போது இரண்டாவது உதையில் எடுக்கிறது. ஐடிலிங் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டு, "இது நம்ம வண்டிச் சத்தம் இல்லையேடா" என்றார். அவரிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.