எச்சில் டெஸ்டுக்குப் பணம் கட்டுமுன் ஈற்றை அளந்தார்களா என்று பாருங்கள்

பல் தேய்க்கும்போது ஈற்றில் ரத்தம் வருகிறதே என்று சென்னையில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போனேன். வாயை முழுசாகப் பார்க்கும் முன்பே ஒரு சின்னக் குப்பியை நீட்டி எச்சில் துப்பித் தரச் சொன்னார்கள். "ஈறு நோய்க் கிருமியை டிஎன்ஏ லெவல்ல அளந்துடுவோம் சார்." 6,500 ரூபாய்.

வழவழப்பான தாளில் ரிப்போர்ட் வந்தது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சிதியா, ட்ரெப்போனிமா டென்டிகோலா. மூன்றுக்கும் எதிரே சிவப்புப் பட்டை, அடியில் 'அதிக ஆபத்து'. எந்த லேபில் செய்தது என்று இல்லை. எண்களுக்கு அலகு இல்லை, இயல்பு அளவு எவ்வளவு என்றும் இல்லை. கையோடு லேசர், ஆன்டிபயாடிக், அவ்வப்போது மறு டெஸ்ட் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ். அன்றைக்கே முன்பணம் கட்டினால் குறைத்துத் தருவார்களாம். பல்லுக்கும் ஆடித் தள்ளுபடி!

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்து, அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்ப் பிரிவுக்குப் போனேன். அங்கே முதலில் எடுத்தது ப்ரோப். நுனியில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி. ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டு, "மூணு, ரெண்டு, மூணு" என்று டாக்டர் சொல்லச் சொல்ல மாணவி எழுதிக்கொண்டே வந்தார். மூன்று வரை பயமில்லை. கீழ்க் கடைவாய்ப் பற்களில் மட்டும் "அஞ்சு". அப்புறம் எக்ஸ்ரே, சர்க்கரை உண்டா, புகைப்பீர்களா என்ற கேள்விகள். பல்லில் படிந்து இறுகிய காரை நிறைய, எலும்புத் தேய்மானம் ஆரம்ப நிலை. ஸ்கேலிங், அந்தப் பற்களுக்கு மட்டும் வேர் வரை சுத்தம், சில வாரம் கழித்து மறுபடி அளவு. ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றார்.

கிளினிக் ரிப்போர்ட்டைக் காட்டினேன். டாக்டர் விளக்கினார். கிருமிகள் பொய்யில்லை, முற்றிய ஈறு நோயில் இம்மூன்றும் சேர்ந்தே காணப்படுவதை 1998-லேயே சோக்ரான்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதிவிட்டார்கள். ஆனால் ஆரோக்கியமான வாயிலும் இவை கொஞ்சம் இருக்கும். எந்தப் பல்லடியில் எவ்வளவு எலும்பு போயிருக்கிறது என்று எச்சில் சொல்லாது. 2018-ல் வெளியான ஈறு நோய்களுக்கான சர்வதேச வகைப்பாட்டிலும் நோயின் நிலையைக் கிருமி எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வதில்லை. ஈறு பல்லை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது, எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். வழக்கமான சிகிச்சைக்கு மசியாத சிலருக்குக் கிருமிப் பரிசோதனை உதவலாம். அப்போதும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்துக்குள் காகிதக் குச்சி வைத்து மாதிரி எடுப்பதே வழக்கம்.

எனவே ஈறு பிரச்சினைக்குப் போகிறவர்கள் முதலில் ஈற்று அளவுச் சார்ட்டைக் கேளுங்கள். அது இல்லாமல் டெஸ்ட், பேக்கேஜ் என்றால் கிளம்பிவிடுங்கள். டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்றால் லேப் பெயரையும், முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சையில் என்ன மாறும் என்பதையும் கேளுங்கள்.

அந்தத் தனியார் கிளினிக்கில் டெஸ்ட் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டெஸ்ட் செய்தாகிவிட்டது, முடியாது என்றார்கள். லேப் ரசீதாவது கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.