டிஸ்கவரி 4 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: கசிவைக் கண்டுபிடிக்காமல் கம்ப்ரஸரை மாற்றாதீர்கள்

லேண்ட் ரோவர் டிஸ்கவரி மாதிரி ஏர் சஸ்பென்ஷன் வண்டி (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் தாங்கும் வண்டி; அந்தப் பைகளில் காற்றை நிரப்புவதுதான் கம்ப்ரஸர்) வைத்திருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். கோவையில் ஓர் இடத்தில் என்னிடம் அரை லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்.

ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் நாலு பக்கமும் படுத்துக் கிடக்கும். ஸ்டார்ட் செய்தால் மெதுவாக எழும், கூடவே சஸ்பென்ஷன் கோளாறு என்று எச்சரிக்கை வரும். ஒர்க்‌ஷாப்காரர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏர் ஸ்பிரிங் லீக்கா இருந்தா ஒரு மூலைதான் சார் இறங்கும். நாலும் இறங்குது, கம்ப்ரஸர் போயிடுச்சு" என்றார். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் இந்த வண்டிக்குப் பொருந்தாது. இன்ஜினை அணைத்த பிறகும் இதன் சஸ்பென்ஷன் கண்ட்ரோல் யூனிட் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து உயரத்தைப் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூன்றிலும் காற்றை வெளியேற்றி அதே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்த யூனிட்டின் ஃப்யூஸை எடுத்துவிட்டு ஒரு ராத்திரி நிறுத்தினால், கசிகிற மூலை மட்டும் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். காசு செலவில்லாத சோதனை. லேண்ட் ரோவர் வேலை மட்டுமே செய்கிறோம் என்று சொல்பவருக்கு இது தெரியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

பில்லில் 'கம்ப்ரஸர் புதியது' என்று மட்டும் எழுதினார்கள். பார்ட் நம்பர் இல்லை. பழையதைக் கேட்டதற்கு ஸ்கிராப்பில் போட்டாகிவிட்டது என்றார்கள். கொஞ்ச நாள் எல்லாம் சரி. பிறகு குடும்பத்தோடு வால்பாறைக்கு ஏறும்போது, ஆழியாறு தாண்டி அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவில் வண்டி காற்று இறங்கி, அடியில் முட்டுக்கொடுக்கும் ஸ்டாப்பரில் உட்கார்ந்துவிட்டது. பின் சீட்டில் இருந்த அம்மாவுக்கு ஒவ்வொரு குழியும் முதுகில் இடித்தது. போன் செய்தால், "ஏரையே எடுத்துட்டு காயில் ஸ்பிரிங் போட்டுடலாம் சார்" என்று அடுத்த எஸ்டிமேட் சொல்கிறார்கள்!

பொள்ளாச்சியில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் வண்டியை ஆஃப்‌ரோடு உயரத்துக்கு ஏற்றச் சொன்னார். சாதாரண உயரத்தில் ரப்பர் மடிப்புக்குள் விரிசல் மறைந்துவிடுமாம். சோப்புத் தண்ணீர் அடித்ததும் முன் இடது ஸ்டிரட்டின் (ஷாக் அப்சார்பரும் காற்றுப் பையும் சேர்ந்த பாகம்) அடியில், ரப்பர் மடங்கும் இடத்தில், பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. அப்புறம் கம்ப்ரஸரைக் கழற்றினார். துருவின் மேலேயே கறுப்பு ஸ்பிரே பெயின்ட். போல்ட் தலைகளில் பழைய ஸ்பேனர் தேய்மானம். புதியது என்று சொல்லிப் பழையதைத்தான் மாட்டியிருக்கிறார்கள். காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையரைத் திறந்தால் ஈரம் உறிஞ்சும் மணிகள் வெள்ளை மாவாகக் கொட்டின. அந்த மாவு, காற்றை ஒவ்வொரு மூலைக்கும் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக்குக்குள் போனால் வால்வுகளும் சிக்கிக்கொள்ளும். நிஜமாகவே புதியதைப் போட்டிருந்தாலும் நிலைத்திருக்காது. கசிவை ஈடுகட்ட ஓடிக்கொண்டே இருந்தால் சூடேறி பிஸ்டன் ரிங் தேய்ந்துவிடும்.

ஆகவே வேலை கொடுக்கும் முன் கசிவு எங்கே என்று கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் மாற்றினால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ரிலேவையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். புது கம்ப்ரஸரின் பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கட்டும், பார்ட் நம்பர் பில்லில் ஏறட்டும். பழைய கம்ப்ரஸர் உங்கள் பொருள், கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது முன்பக்க ஸ்டிரட் இரண்டும் புதிது, வண்டி படுப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து இன்னும் பதில் இல்லை.