உறவின்போது வலியா? பரிசோதிக்காமலே 'பேக்கேஜ்' சொல்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

மூன்று மாதச் சம்பளம். என் தங்கை கட்டிய பணம் இனி வராது என்று நேற்றுதான் கையை விரித்தார்கள். ஆன்லைனில் விளம்பரம் செய்யும் ஓர் அழகு சிகிச்சை மையம்.

உறவின்போது வரும் வலியைப் பற்றி வருஷக்கணக்காக யாரிடமும் வாய் திறக்காதவள். வீடியோ காலில் வந்த பெண்மணி, "வெட்கப்படாதம்மா, என்கிட்ட சொல்லு" என்றதும் அழுதுவிட்டாள். அங்கேதான் விழுந்தாள். பெண்ணுறுப்புத் "தளர்ச்சி" என்று பெயர் வைத்து ஆறு முறை லேசர், கூடவே மரத்துப்போகும் க்ரீம். அந்த அழைப்பு முடிவதற்குள் பணம் கட்டும் லிங்க் வந்துவிட்டது.

வலி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் கேள்வியே அதுதானே! நுழையும்போது வாசலிலா, உள்ளே ஆழத்திலா? வாசலில் என்றால் வறட்சி, பூஞ்சைத் தொற்று, பிரசவத் தையல் தழும்பு, இல்லையென்றால் இடுப்புத்தளத் தசை தானாக இறுகிக்கொள்ளும் வஜைனிஸ்மஸ். பால் கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால்தான் வறட்சி. ஈரப் பஞ்சு முனையால் வாசலைச் சுற்றி மெல்லத் தொட்டாலே எந்த இடம் சுரீரென்கிறது என்று மருத்துவருக்குப் பிடிபடும். ஆழத்தில் வலித்தால், கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கருக்குழாய்த் தொற்று, சினைப்பைக் கட்டி. மாதவிலக்கில் தாங்காத வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் மேல் சந்தேகம் வலுக்கும்.

பிறகு மகளிர் மருத்துவர் ஒற்றை விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிட்டார், தசை இறுக்கம் என்று. பிரச்சினை தசையில், இவர்கள் சுட்டது மேல்சவ்வை! அதற்கு வேண்டியது பிசியோதெரபி. மூச்சை விடும்போது தசையைத் தளர்த்தப் பழகி, லூப்ரிகன்ட் (வழுக்கும் ஜெல்) தடவிய மிகச் சிறிய டைலேட்டரில் (உள்ளே வைத்துப் பழகும் வழவழப்பான குழல்) தொடங்கி, வலிக்காமல் போன பிறகே அடுத்த அளவு.

இரண்டாவது லேசருக்குப் பிறகு சிறுநீர் பட்டாலே எரிந்தது. "ஆறுறதுக்கான அறிகுறி மேடம்." அடுத்த வாரம், "டாக்டர் லீவு." அப்புறம், "பேக்கேஜ் பணம் திரும்பத் தரமாட்டோம்." இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது. மூன்று மாதச் சம்பளம்! இத்தகைய கருவிகளால் தீக்காயம், தழும்பு, உறவின்போது வலி வரலாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018லேயே எச்சரித்தது.

அவசரமாக நாலு வார்த்தை. தொட்டுப் பார்க்காமல் சிகிச்சை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மரத்துப்போகும் க்ரீமை நீங்களாகப் போடாதீர்கள், புண் இருந்தாலும் தெரியாது. எண்ணெய் தடவினால் லேடெக்ஸ் ஆணுறை கிழியலாம். உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் கருப்பை வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது கேளுங்கள். இவளிடம் அதுவும் இல்லை.