ஸ்கீ களவு போனால்: ஹவுஸ்ராட்டா, தனிக் காப்புறுதியா, வாடகையா?

சுவிஸில் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு முகாமான ஸ்கீலாகருக்குப் போகத் தொடங்கினால், கொஞ்சக் காலத்தில் தாய் தகப்பனும் பனியில் இறங்கிவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எனக்கும் மனைவிக்கும் சொந்த ஸ்கீ வாங்கியதும், களவு போனால் காசு எங்கிருந்து வரும் என்று ஒப்பந்தங்களை எடுத்து வைத்துப் பார்த்தோம். வழிகள் மூன்று. ஹவுஸ்ராட் எனும் வீட்டுப் பொருள் காப்புறுதியில் வெளியிடக் களவையும், அதாவது வீட்டுக்கு வெளியே நடக்கும் களவையும், சேர்ப்பது, ஸ்கீக்கென்றே தனிக் காப்புறுதி எடுப்பது, சொந்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுத்துக் கடையின் களவுப் பாதுகாப்புக்கும் சேர்த்துக் கட்டுவது. நாங்கள் எங்களுக்கு முதலாவதை எடுத்தோம். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

ஹவுஸ்ராட் இருந்தால் எல்லாம் அதற்குள் அடங்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அடங்காது. வீடு உடைத்துக் களவு, வீட்டுக்குள் நடக்கும் களவு இரண்டும் வழமையான களவுப் பிரிவில் வரும். மலை உணவகத்துக்கு வெளியே தாங்கியில் சாய்த்து வைத்த ஸ்கீயை ஒருவர் தூக்கிக்கொண்டு போனால், அது வெளியிடக் களவு. அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். காரின் கூரைப் பெட்டியைப் பூட்டித்தானே வைத்தேன் என்பதும் இங்கே செல்லாது. வாகனத்தை உடைத்து எடுப்பதையும் பொதுவாக இதே வெளியிடக் களவில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் விடுதியின் பூட்டிய ஸ்கீ அறையை உடைத்து எடுத்திருந்தால் அது உடைத்துக் களவு. அதற்கான விதி வேறு.

இந்தச் சேர்ப்புக்குத் தொகையை நாமே தெரிவு செய்யலாம். 2000 பிராங் பரவலாக எடுக்கப்படும் அளவு. ஒவ்வொரு சம்பவத்திலும் முதல் 200 பிராங் பெரும்பாலும் நம் கையிலிருந்து போகும்.

மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது, எந்த விலையை வைத்துக் காசு தருகிறார்கள் என்பது. கட்டுப்பணம் 30 பிராங் கூடவா குறைவா என்று ஒப்பிட்டுக்கொண்டு பலர் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். சுவிஸ் ஹவுஸ்ராட் பொதுவாகப் புதுவிலையில் கணக்குப் பார்க்கும். அதே தரத்து ஸ்கீயை இன்று கடையில் வாங்க என்ன செலவாகுமோ அதுதான் அடிப்படை. தனி ஸ்கீ காப்புறுதிகளில் பல, ஸ்கீயின் வயதைப் பார்த்து வருடத்துக்கு வருடம் கழிக்கும். 900 பிராங்குக்கு வாங்கிய ஸ்கீ நாலாவது பருவத்தில் களவு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தரத்து ஸ்கீ இன்றும் 900 என்றால் ஹவுஸ்ராட்டில் 200 போக 700 வரும். வயதுக் கழிவு பாதி என்றால் தனிக் காப்புறுதியில் 450தான், அதிலும் நம் பங்கு கழியலாம். நாமோ ஒரு ஸ்கீயை ஆறு ஏழு வருடம் வைத்திருக்கும் ஆட்கள். முதல் பருவத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வருடம் போகப் போகத்தான் இடைவெளி விரியும். ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது புதுவிலையா, வயதைக் கழித்த நடப்பு மதிப்பா என்ற அந்த ஒரு வரியைத்தான்.

இதிலும் ஒரு விலக்கு இருக்கிறது. பாவனையில் இல்லாத பொருளுக்குப் பல ஒப்பந்தங்கள் நடப்பு மதிப்பைத்தான் தரும். நிலவறையில் வருடக்கணக்காகத் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய சோடிக்குப் புதுவிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தனிக் காப்புறுதிக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. ஸ்கீ முறிந்தாலும் அதில் காசு கிடைக்கும். சாதாரண ஹவுஸ்ராட்டில் அது கிடையாது. கல்லும் பாறையுமான இடங்களில் ஓடுபவர்களும், விலை கூடிய மலையேற்ற ஸ்கீ வைத்திருப்பவர்களும் அதை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரவில் வெளியே விட்ட ஸ்கீக்குப் பொறுப்பில்லை என்ற வரி அவற்றில் அடிக்கடி வரும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

வாடகை பிள்ளைகளுக்குத்தான் சரி. கால் வளரும் வயதில் வருடா வருடம் வாங்குவது வீண். பருவம் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்து, கடையின் பாதுகாப்பையும் சேர்த்துவிடுகிறோம். அங்கே காசு கேட்டுப் போகும் நிலைமை எங்களுக்கு இன்னும் வரவில்லை, அதனால் கடைகள் எவ்வளவு சுலபமாகத் தீர்த்துவைக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்.

ஹவுஸ்ராட் பக்கம் கொஞ்சம் தெரியும். என் மச்சானின் ஸ்கீ மதியச் சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போனது. காப்புறுதிக்காரர் கேட்டவை பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் வாங்கிய பற்றுச்சீட்டும். இரண்டும் இருந்தன, காசு வந்தது. பல கன்டோன்களில் முறைப்பாட்டை இணையத்திலேயே பதியலாம். ஸ்கீயில் இருக்கும் தொடர் எண்ணைப் படம் எடுத்து வைத்தால் அந்த வேலை லேசாகும். அதற்கு முன்னால் உணவகத்திலும் லிப்ட் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள். வாடகை ஸ்கீகள் ஒரே மாதிரி இருப்பதால் யாராவது மாறி எடுத்துப் போயிருக்கலாம். களவுக்குத்தான் காசு, தொலைந்ததற்கு இல்லை. மனைவியும் நானும் சோடியைப் பிரித்து, ஒவ்வொன்றை வெவ்வேறு தாங்கியில் வைக்கிறோம். பொருந்தாத ஒற்றை ஸ்கீயால் கள்வனுக்குப் பயனில்லை.

ஜெர்மனியில் இருக்கும் சொந்தங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்குள்ள ஹவுஸ்ராட் அடிப்படையில் உடைத்துக் களவுக்கும் கொள்ளைக்கும்தான். உணவக வாசலில் போன ஸ்கீக்கு வழமையாக ஒன்றும் கிடைக்காது. அங்கே தனி ஸ்கீ காப்புறுதியை முதலில் விசாரிப்பதுதான் சரி.