காக்கியா, கறுப்பு அங்கியா, ஆய்வகமா? குற்ற வழக்கு வேலைகள், ஒரு டெல்டா கணக்கு

வயல்வரப்பில் நடந்த ஒரு குற்றம் சிறை வாசல் வரை போவதற்குள் எத்தனையோ பேர் கையைக் கடந்துவிடுகிறது. காவலர், உதவி ஆய்வாளர், கைரேகை நிபுணர், தடய அறிவியல் அலுவலர், அரசு வழக்கறிஞர், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வழக்கறிஞர், நீதிமன்றத் தட்டச்சர், நன்னடத்தை அலுவலர், சிறைக்காவலர் என்று வரிசை நீளும். நம் பக்கத்துப் பெற்றோரிடம் கேட்டால் போலீஸ், வக்கீல் என்ற இரண்டோடு பட்டியல் முடிந்துவிடும். அந்த இரண்டிலும் போலீஸுக்கே வாக்கு அதிகம். மேட்டூர் எப்போது திறக்கும் என்று ஆண்டுதோறும் காத்திருக்கிற குடும்பங்களில், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலைக்குத் தனி மரியாதை இருக்கத்தானே செய்யும்.

நான் கீழமை நீதிமன்றங்களில் எதிரி தரப்பில் வழக்கு நடத்துகிறவன். என் பார்வையில் அந்தப் பக்கத்துச் சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

காக்கி: ஓட்டத்தைவிடத் தாள் கனமானது

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று வேலைகளுக்கும் ஒரே பொதுத் தேர்வில் ஆள் எடுக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். தொடக்க அடிப்படை ஊதியம் 18,200 ரூபாய்.

மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் விடியுமுன் மைதானத்துக்குப் போனால் ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். கயிறு ஏறுகிறார்கள், நீளம் தாண்டுகிறார்கள். தேர்வின் மதிப்பெண் பங்கீட்டையும் அவர்கள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எழுத்துத் தேர்வுக்கு 70, உடற்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. அதற்கும் முன்னால் தமிழ்த் தகுதித் தேர்வு ஒன்று இருக்கிறது. அதில் 40 விழுக்காடு வாங்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். காலையில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவன் 24-க்காக 70-ஐ விட்டுக்கொடுக்கிறான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. காவலராகத் தேர்வானதும் காவல் நிலையத்தில் உட்கார்ந்து துப்புத் துலக்கப் போவதில்லை. முதல் சில ஆண்டுகள் ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல் படையிலோ கழியும். திருவாரூர் ஆழித் தேர், நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணிக் கொடியேற்றம், தஞ்சாவூர் சதய விழா, இடையிடையே அமைச்சர் வருகை என்று பந்தோபஸ்து வேலைதான் பெரும்பகுதி. 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. இப்போது வேலையில் சேர்கிறவர்கள் குளக்கரையில் கயிறு பிடித்து நிற்கப் போகிறார்கள். 1992 மகாமகத்தில் நெரிசலில் உயிர்கள் போன ஊர் அது. கூட்டத்தைப் படிக்கத் தெரிவது அங்கே முழுத் திறமை. எந்தப் பக்கம் நெரிகிறது, எந்தச் சந்து வழியைத் திறந்துவிட வேண்டும் என்பதெல்லாம் நின்று பார்த்தே வரும். பொறுமையும் காலும் உள்ளவருக்கு இது நல்ல வேலை. வீட்டு விசேஷங்களுக்குத் தவறாமல் போக வேண்டும் என்று நினைக்கிறவருக்குச் சரிவராது.

பட்டம் இருந்தால் நேரடியாக உதவி ஆய்வாளர் தேர்வு எழுதலாம். அடிப்படை ஊதியம் 36,900 ரூபாய், அதாவது காவலருக்கு இரு மடங்கு. பணியில் இருக்கும் காவலர்களுக்கென்று அந்தத் தேர்வில் 20 விழுக்காடு இடம் தனியாக ஒதுக்குகிறார்கள். வீட்டில் கஷ்டம் என்றால் காவலராகச் சேர்ந்து, அஞ்சல் வழியில் பட்டம் முடித்து, அந்த ஒதுக்கீட்டில் மேலே போவது நடைமுறைக்கு ஒத்த வழி. கஷ்டம் இல்லை, பட்டமும் கையில் இருக்கிறது என்றால் காவலர் தேர்வில் ஆண்டுகளைச் செலவிடாதீர்கள்.

சம்பளத்தைவிட வேலையின் தன்மையில்தான் வித்தியாசம் அதிகம். உதவி ஆய்வாளர் புலன்விசாரணை செய்கிறார். காரைக்காலிலிருந்து வரும் சாராயம், கொள்ளிடத்து மணல், வேதாரண்யம் கரையிலிருந்து இலங்கைக்குப் போகும் கஞ்சா, பம்புசெட் மோட்டார், வரப்புத் தகராறு என்று நம் பக்கத்து வழக்குகள் எதுவாக இருந்தாலும் கடைசியில் அது காகிதமாகித்தான் நீதிமன்றத்துக்கு வரும். அங்கேதான் வழக்குகள் செத்துப்போகின்றன.

மோட்டார்த் திருட்டு வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்துச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் குறிப்பு), கொட்டகைக்குக் கிழக்கே தென்வடலாக ஓடும் வாய்க்கால் என்று எழுதியிருந்தார்கள். அதோடு இணைத்த மாதிரி வரைபடத்தில் அதே வாய்க்கால் மேற்கே ஓடியது. மகஜர் சாட்சி அந்த ஊர் விவசாயி. வாய்க்கால் எந்தப் பக்கம் என்று கூண்டில் கேட்டேன். "மேற்கேதான் ஐயா, அந்தத் தண்ணீரில்தானே நான் நடவு செய்கிறேன்" என்றார். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. மகஜர் எழுதியவர் அந்த இடத்துக்குப் போகாமல் நிலையத்திலேயே உட்கார்ந்து எழுதினார் என்று வாதிட அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. எதிரி விடுதலையானார். அவர் திருடினாரா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போக வேண்டிய தேவையே வரவில்லை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மகஜர் ஒன்று சொல்ல, பதிவு வேறொன்று காட்டினால் குறுக்கு விசாரணை செய்கிறவருக்கு அதைவிட விருந்து வேறில்லை. குற்றப்பத்திரிகையை 60 நாளில் அல்லது 90 நாளில் தாக்கல் செய்யாவிட்டால் எதிரிக்கு ஜாமீன் உரிமையாகிவிடும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. பிழையில்லாத நல்ல தமிழில், பார்த்ததைப் பார்த்தபடி, காலவரிசை மாறாமல் எழுதத் தெரிந்த உதவி ஆய்வாளர் இரண்டு லத்திக்குச் சமம். இந்தத் திறமையைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி மையம் எதையும் நான் நம் பக்கத்தில் பார்த்ததில்லை. ஓட்டத்துக்கும் பொது அறிவுக்கும் மட்டும் தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

கறுப்பு அங்கி: பணம் தாமதமாக வரும்

பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்தாண்டு, அல்லது பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு சட்டப் படிப்பு. டெல்டாக்காரர்களுக்குப் பக்கத்தில் திருச்சி அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் திருச்சியில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே நுழைய அகில இந்திய அளவிலான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கட்டணமும் அதிகம். படித்து முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, பார் கவுன்சில் நடத்தும் அகில இந்தியத் தேர்வையும் தேற வேண்டும்.

அதே வயதில் காவலராகச் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் தங்கைக்குக் கல்யாணமே செய்து வைத்திருப்பான். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு மாநில பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை நல்லதுதான். தாலுகா ஊர்களில் ஜூனியர்கள் கையில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள், பஸ் கட்டணத்துக்கு மேல் பலர் சொல்ல மாட்டார்கள். முதல் நான்கைந்து ஆண்டுகளைத் தாங்கும் அளவுக்கு வீட்டில் நெல்லோ பென்ஷனோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். இதைக் கொடுமை என்று சிலர் சொல்லலாம். பாதியில் விட்டுவிட்டு ரியல் எஸ்டேட்டுக்குப் போனவர்களைப் பார்த்தே சொல்கிறேன்.

அதைத் தாண்டினால் கதவுகள் திறக்கின்றன. குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு தொழில் செய்தவர் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி அரசு வழக்கறிஞர் ஆகலாம். தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரியிலிருந்து நேராக நீதிபதி நாற்காலிக்குப் போகும் கனவு அதோடு முடிந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. சாட்சிக் கூண்டில் பொய் சொல்கிறவனையும் பயத்தில் உளறுகிறவனையும் பிரித்தறியப் புத்தகம் உதவாது. அந்தத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று உண்டு என்பதைத் தமிழ் வழியில் படித்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், அதில் ஆங்கில வழிக்காரர்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சட்ட உதவி ஆணைக்குழுக்களின் கீழ் மாவட்டந்தோறும் எதிரி தரப்பு வழக்கறிஞர் அலுவலகங்கள் இப்போது இயங்குகின்றன. வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காக மாத ஊதியத்தில் முழுநேரமாக வழக்கு நடத்துகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒப்பந்த வேலைதான். ஆனாலும் தொழிலுக்குப் புதியவர், சீனியரின் பையைத் தூக்கிக்கொண்டு அலையாமல், நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்து பழக இதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

காக்கியோடு ஒப்பிட்டால் அங்கியில் மேலதிகாரி கிடையாது, இடமாற்றம் கிடையாது, ஒன்றாம் தேதியும் கிடையாது. காவலர் தேர்வுக்கு வயது வரம்பு பொதுப்பிரிவில் 26-லேயே முடிந்துவிடுகிறது, மற்றவர்களுக்குச் சில ஆண்டுச் சலுகை உண்டு. வழக்கறிஞர் தொழிலுக்கு அப்படி ஒரு கடிகாரம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறவர்கள் காக்கியை முதலில் முயன்று பார்ப்பதே கணக்குக்குச் சரி. 30 வயதில் சட்டக் கல்லூரிக்குப் போகலாம், 30 வயதில் காவலர் உடற்தகுதித் தேர்வு மைதானத்துக்குப் பெரும்பாலோர் போக முடியாது.

ஆய்வகம்

கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியிலும் தஞ்சாவூர் சரபோஜி கல்லூரியிலும் வேதியியல் படித்துவிட்டு பி.எட். விண்ணப்பம் வாங்குகிற பிள்ளைகளுக்காக இந்தப் பகுதி.

தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் வேர் 1849-இல் தொடங்கிய வேதிப் பரிசோதகர் அலுவலகம். இன்றும் அதன் அன்றாட வேலையில் பெரும்பங்கு வேதியியல்தான். விவசாய மாவட்டங்களில் சந்தேக மரணம் என்றால் முதல் கேள்வி பூச்சிமருந்து. பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்பை ஆய்வகம் சோதித்துச் சொன்ன பிறகே அது தற்கொலையா, கொலையா என்று வழக்கு நகரும். ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அதற்கு மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அத்தனை வழக்குக்கும் ஆள் வேண்டுமே.

டெல்டாவுக்கென்று தனியாக ஒரு துறையும் இருக்கிறது: சிலை. திருவாரூர் மாவட்டம் பத்தூரில் 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் கைமாறி லண்டன் போய், அங்கே நடந்த வழக்கில் கோயிலே ஒரு தரப்பாக நின்று வென்று, 1991-இல் திரும்பி வந்தார். சிலையில் ஒட்டியிருந்த மண் வரை அங்கே சான்றாகப் பேசப்பட்டது. கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் சிலைக் கடத்தல் வழக்கில் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. இத்தகைய வழக்குகளில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் கோயில்களில் எடுத்து வைத்த புகைப்படங்கள் பெரிய உதவி. வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் சிலையின் திருவாசியில் (சிலையைச் சுற்றிய வளைவு) உடைந்திருக்கும் ஒரு சுடர், பழைய படத்திலும் அதே இடத்தில் உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் கண் வேண்டும். வரலாறும் தொல்லியலும் படித்தவர்கள் குற்ற வழக்குக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இடங்கள் குறைவு, அறிவிக்கை எப்போதாவதுதான் வரும். தடய அறிவியல் பட்டம் என்று விளம்பரம் செய்து கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகள் பெருகிவிட்டன. டி.என்.பி.எஸ்.சி. பழைய அறிவிக்கைகளில் என்ன பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அறிவியல் பட்டதாரிகளுக்கு இன்னொரு வழி, சீருடைப் பணியாளர் வாரியமே எடுக்கும் கைரேகைப் பிரிவு உதவி ஆய்வாளர் பணி. பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

மிச்சம் இருப்பவை

சிறைக்காவலர் வேலையைக் காவலர் வேலை கிடைக்காதவர்களின் ஆறுதல் பரிசாகப் பார்க்கிறார்கள். திருச்சி மத்திய சிறையோ பெண்கள் தனிச்சிறையோ, உள்ளே போனால் ஒரே மனிதர்களை நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் எதிர்கொள்ள வேண்டும். குரலை உயர்த்தாமல் கட்டுப்படுத்தத் தெரியாதவர் அங்கே சீக்கிரம் களைத்துவிடுவார்.

எனக்கு அதிக மதிப்புள்ள வேலை நன்னடத்தை அலுவலர். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, முதன்முறை தவறியவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடலாமா என்று நீதிபதி முடிவெடுக்க இவருடைய அறிக்கை வேண்டும். 21 வயதுக்கு உட்பட்டவர் என்றால் சிறைக்கு அனுப்பத் தனிக் காரணமே எழுத வேண்டும். செம்புக் கம்பி திருடிய 19 வயதுப் பையனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவன் அம்மாவிடமும் வேலை கொடுத்தவரிடமும் பேசி, உண்மையை இரண்டு பக்கத்தில் எழுதுகிறவர் அவர். சமூகப்பணியோ உளவியலோ படித்தவர்களுக்கு இது பொருந்தும். குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும் இதே வகை வேலை உண்டு, ஆனால் தொகுப்பூதியம். நிரந்தரம் என்று நம்பிச் சேராதீர்கள்.

நீதிமன்றத் தட்டச்சர், சுருக்கெழுத்தர் வேலைக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் உயர்நிலைத் தட்டச்சுச் சான்றிதழ் வைத்திருந்தால் போட்டி பாதியாகிவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பதென்று இன்னும் பிடிபடாவிட்டால் உங்கள் ஊர் நடுவர் நீதிமன்றத்தில் ஒரு நாள் பின்வரிசையில் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, கைப்பேசியை மட்டும் அணைத்துவிடுங்கள். சமன்ஸ் கட்டோடு நிற்கும் கோர்ட் காவலர், வழக்கு நாட்குறிப்பைப் புரட்டும் உதவி ஆய்வாளர், வாய்தா கேட்கும் ஜூனியர், தட்டச்சர் என்று எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். மதிய இடைவேளையில் டீக்கடைக்கு வரும்போது கேட்டால் பெரும்பாலானவர்கள் பதில் சொல்வார்கள், கோர்ட் காவலர் நிச்சயம் சொல்வார்.